வகுக்காமலே பிடிபட்ட எண்

பகா எண்களின் கதை – 11

சென்ற இதழை ஆய்லரோடு முடித்திருந்தோம். கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், 1772ல், 2³¹ − 1 ஒரு பகா எண் என்று அவர் காட்டினார். பத்து இலக்கம்: 2147483647. இதன் வர்க்கமூலம் 46,341க்கு ஒரு முடி குறைவு. அதற்குள் இருக்கும் பகா எண்கள் நான்காயிரத்துச் சொச்சம். அத்தனையாலும் வகுத்துப் பார்க்க ஆய்லர் உட்காரவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி ஒன்று இருக்குமானால், அதை 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 ஆகத்தான் வரும் என்று முதலில் நிறுவினார். அந்தச் சல்லடையில் தேறிய பகா எண்கள் நூறுகூட இல்லை. அவற்றில் எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. வேலை முடிந்தது.

1811ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் எண் கோட்பாடு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆய்லரின் இந்த எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணைக் (தன்னை விட்டுத் தன் காரணிகள் அத்தனையையும் கூட்டினால் தானே வரும் எண்) குறிப்பிட்டு, இதைவிடப் பெரியதை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று அதில் முத்திரை குத்தினார். இப்படிப்பட்ட எண்களால் பயன் ஏதும் இல்லை, வெறும் விநோதம்தான், ஆகவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் வாதம். பயன் இல்லாததற்கு மனிதர்கள் மெனக்கெட மாட்டார்கள் என்று நம்பிய அந்த நல்ல மனிதரின் நம்பிக்கை அறுபது ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. 1867ல் லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 2⁵⁹ − 1ஐ உடைத்து, அதற்குள்ளிருந்து 3203431780337 என்ற 13 இலக்கப் பகா எண்ணை எடுத்துக் காட்டினார்.

அடுத்த ஒன்பதே ஆண்டுகளில் 39 இலக்க எண் ஒன்று வந்தது. 13 இலக்கத்திலிருந்து 39 இலக்கத்துக்குப் போவதை மும்மடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு இலக்கமும் பத்து மடங்கு. இது கோடி கோடி மடங்குகளைத் தாண்டிய பாய்ச்சல். லாந்த்ரி வழியில் இன்னும் வேகமாக நடந்து எட்டியதல்ல அது. முற்றிலும் வேறு வழி. இந்த இதழ் அந்த வழியைப் பற்றியது.

பட்டியலில் மிச்சமிருந்தவை

மெர்சென் பட்டியலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாரிஸ் துறவி மரின் மெர்சென் 1644ல் வெளியிட்டது. 2ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தி 1ஐக் கழித்தால் எப்போது பகா எண் கிடைக்கும்? அடுக்கு பகு எண்ணாக இருந்தால் ஒருபோதும் கிடைக்காது. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் எப்போதும் கிடைத்துவிடாது. 2¹¹ − 1 என்பது 2047, அது 23 × 89. 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே பகா எண் வரும் என்றார் மெர்சென். எப்படித் தெரியும் என்று அவர் சொல்லவில்லை.

31 வரை அவர் சொன்னது சரி என்பதை ஆய்லர் முடித்துவைத்தார். 67, 127, 257 மூன்றும் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தொடுவாரின்றிக் கிடந்தன. ஏன் என்பதற்கு 127ஐ எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2¹²⁷ − 1க்குக் காரணி இருந்தால் அது 254ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும் எண்ணாக இருக்க வேண்டும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டும் ஆய்லர் காலத்திலேயே தெரிந்த நிபந்தனைகள். எண்ணின் வர்க்கமூலம் 20 இலக்கம் கொண்டது. அதற்குள் இரண்டு நிபந்தனைகளுக்கும் உட்பட்டு நிற்பவை ஏறத்தாழ 257 கோடி கோடி எண்கள். விநாடிக்கு ஒன்று வீதம், தூங்காமல், சாப்பிடாமல் வகுத்துக்கொண்டே போனாலும் 81 கோடி ஆண்டுகள் பிடிக்கும். அவற்றில் பகா எண்களை மட்டும் சலித்தெடுத்தாலும் கணக்குக் கோடி ஆண்டுகளுக்குக் கீழே இறங்காது. ஆய்லரின் சல்லடை பத்து இலக்கத்துக்குப் போதும். இங்கே அதன் பருப்பு வேகாது.

பீரங்கிப் படையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு

எட்வார்ட் லூகாஸ் 1842ல் பிரான்சின் வடக்கே அமியான் நகரில் பிறந்தவர். நெசவுக்குப் பேர்போன ஊர். பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் நார்மாலில் படித்துவிட்டு, நெப்டியூன் கோளைக் கணக்கால் கண்டுபிடித்த லெ வெரியேவின் கீழ் பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தார். 1870ல் பிரஷ்யாவுடன் போர் மூண்டபோது பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். பிரான்ஸ் தோற்றது. போர் முடிந்ததும் 1872ல் மூலன் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராகப் போனார். பிறகு பாரிஸ் பள்ளிகளில் கணக்கு வாத்தியார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

கட்டம் போட்ட தாள் என்றால் லூகாஸுக்கு உயிர். 1867லேயே சாட்டின் துணியின் நெசவமைப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பாவு நூல் எங்கே மேலே வர வேண்டும், ஊடை எங்கே மூட வேண்டும் என்பதைக் கட்டங்களில் புள்ளி வைத்து, எண் கோட்பாட்டைக் கொண்டு விளக்கும் நூல் அது. 1883ல் மூன்று கம்பிகளில் வட்டுகளை மாற்றும் 'ஹனோய் கோபுரம்' புதிரை விற்பனைக்கு விட்டவரும் அவர்தான். பெட்டியில் சொந்தப் பெயரைப் போடாமல், 'சியாம் தேசத்து கிளாஸ்' என்று ஒரு வாத்தியாரைக் கற்பனை செய்து போட்டார். பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'அமியான் லூகாஸ்' என்று வரும். அந்தப் புதிரில் உள்ள வட்டுகளை இடம் மாற்றக் குறைந்தபட்சம் எத்தனை நகர்வு தேவை? இரண்டை வட்டுகளின் எண்ணிக்கைக்கு உயர்த்தி 1 கழித்த அளவு. விளையாட்டுப் பெட்டிக்குள்ளும் மெர்சென் எண்ணையே அவர் ஒளித்து வைத்திருந்தார்.

1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் தொடருக்கு 'ஃபிபொனாச்சி' என்ற பெயரை நிலைநிறுத்தியவர் லூகாஸ். அதே விதியில் 1, 3 என்று தொடங்கினால் 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று இன்னொரு தொடர் வரும். இதற்கு இன்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்த இரண்டு தொடர்களையும் வைத்துக்கொண்டுதான் 2¹²⁷ − 1ஐ அவர் மடக்கினார்.

கேள்வியை மாற்றிய மனிதர்

அதுவரை எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த எண்ணை எது வகுக்கும்? லூகாஸ் அதைத் திருப்பிப் போட்டார்: இந்த எண் எதை வகுக்கும்?

ஃபிபொனாச்சி தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகா எண்ணும் அந்தத் தொடரில் ஏதாவது ஓர் உறுப்பை வகுத்தே தீரும். முதன்முதலாக எத்தனையாவது உறுப்பை வகுக்கிறது என்பதுதான் முக்கியம். 5 என்ற ஒரே விதிவிலக்கைத் தவிர, அந்த இடத்தின் எண், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று கூடுதலான எண்ணையோ ஒன்று குறைவான எண்ணையோ மீதியின்றி வகுக்கும். இது தொடரின் இயல்பு.

மெர்சென் எண்ணோடு 1ஐக் கூட்டினால் என்ன கிடைக்கிறது? வெறும் இரண்டின் அடுக்கு. 2¹²⁷. அதற்கு இரண்டைத் தவிர வேறு பகாக் காரணியே கிடையாது. இந்த எளிமைதான் லூகாஸ் கையில் சிக்கிய துருப்புச் சீட்டு. நம் எண் ஃபிபொனாச்சி தொடரின் 2¹²⁷ஆவது உறுப்பை வகுக்கிறது, ஆனால் அதில் பாதியிடமான 2¹²⁶ஆவது உறுப்போடு அதற்குப் பொதுக் காரணி ஏதும் இல்லை என்று காட்டிவிட்டால் போதும். நம் எண்ணுக்குள் ஒரு பகாக் காரணி ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவும் முதன்முதலாக அதே 2¹²⁷ஆவது இடத்தில்தான் தலைகாட்ட வேண்டும். அதற்கு முன்னால் முடியாது. அப்படியானால் அந்தக் காரணியோடு 1ஐக் கூட்டினாலோ கழித்தாலோ கிடைப்பது 2¹²⁷க்குக் குறையாது. அதாவது காரணி 2¹²⁷ − 1க்குக் குறையாது. நம் எண்ணின் காரணி நம் எண்ணுக்குச் சமமாகவே இருக்கிறது என்றால், அது வேறு எதுவும் இல்லை, அந்த எண்ணேதான். பகா எண்.

காரணத்தைப் பார்த்தாயிற்று. கணக்கை எப்படிப் போடுவது? 2¹²⁷ஆவது உறுப்பை யார் எழுதுவது? எழுத வேண்டாம் என்பதே இரண்டாவது தந்திரம். லூகாஸ் தொடரில் ஓர் உறுப்பை (அது இரட்டைப்படை இடத்தில் இருந்தால்) வர்க்கம் செய்து 2ஐக் கழித்தால், இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் உறுப்பு கிடைக்கும். இரண்டாவது உறுப்பு 3. வர்க்கம் 9, இரண்டைக் கழித்தால் 7. அது நான்காவது உறுப்பு. 7இன் வர்க்கம் 49, கழித்தால் 47, எட்டாவது உறுப்பு. அடுத்தது 2207, பதினாறாவது. ஒவ்வோர் அடியிலும் இடம் இரட்டிப்பதால் 125 அடியில் 2¹²⁶ஆவது இடத்துக்குப் போய்விடலாம். அங்கே நிற்கும் லூகாஸ் உறுப்பை நம் எண் வகுத்தால், மேலே சொன்ன நிபந்தனை நிறைவேறிவிடும். வழியில் எண்கள் பெருத்துப் போகாமல் இருக்க ஒவ்வோர் அடியிலும் நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

கையில் பென்சில் இருந்தால் சிறிய எண் ஒன்றில் இதைச் செய்து பார்க்கலாம். அடுக்கு 7, எண் 127. தொடக்கம் 3. அடுத்து 7. அடுத்து 47. அடுத்து 2207, அதை 127ஆல் வகுத்தால் மீதி 48. அதன் வர்க்கம் 2304, இரண்டைக் கழித்தால் 2302, மீதி 16. அதன் வர்க்கம் 256, இரண்டைக் கழித்தால் 254; அது சரியாக 127இன் இரு மடங்கு. மீதி பூஜ்யம். அடுக்கு 7 என்றால் ஆறாவது உறுப்பில் பூஜ்யம் வர வேண்டும், வந்துவிட்டது. 127 பகா எண்.

பகு எண்ணில் என்ன நடக்கும்? அடுக்கு 11, எண் 2047. மீதிகள் இப்படிப் போகின்றன: 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471, 160, 1034. பத்தாவது இடத்தில் பூஜ்யம் வந்திருக்க வேண்டும், வந்தது 1034. போதாக்குறைக்கு 160 திரும்பவும் வந்து, தொடர் செக்குமாடு போல வட்டமடிக்கத் தொடங்கிவிட்டது. எத்தனை காலம் நீட்டினாலும் பூஜ்யம் வராது. ஆக 2047 பகு எண். ஆனால் 23 என்றோ 89 என்றோ இந்தக் கணக்கில் எங்கேயும் நம் கண்ணில் படவே இல்லை. இதை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

3இல் தொடங்கும் இந்த விதி, 4ஆல் வகுத்தால் மீதி 3 தரும் அடுக்குகளுக்குப் பொருந்தும். 7, 11, 67, 127 எல்லாம் அந்த வகை.

பலகையும் காய்களும்

81 கோடி ஆண்டு வேலை 125 வர்க்கங்களாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொன்றும் 39 இலக்க எண்ணின் வர்க்கம். விடை 77 இலக்கம் வரை நீளும். அதை மறுபடியும் 39 இலக்க எண்ணால் வகுத்து மீதி எடுக்க வேண்டும். ஓரிடத்தில் ஓர் இலக்கம் பிசகினால் கடைசியில் பூஜ்யம் வராது. பிசகு எங்கே என்றும் தெரியாது.

மெர்சென் எண்ணின் வடிவம் இங்கேயும் கைகொடுத்தது. 127ஆல் மீதி காண 127ஆல் வகுக்கவே தேவையில்லை. 128ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 2207இல் 128 பதினேழு முறை போகும், மீதி 31. 17 + 31 = 48. மேலே பார்த்த அதே 48. 128 என்பது 127ஐவிட ஒன்று கூடுதல் என்பதால், ஒவ்வொரு 128ம் இந்தக் கணக்கில் வெறும் 1 ஆகிவிடுகிறது. இரும எண்ணில் எழுதினால் 128ஆல் வகுப்பதும் இல்லை. ஏழு இலக்கத்துக்கு மேலே வழிவதை வெட்டி எடுத்து வலப்பக்க முனையிலிருந்து கூட்டிவிட்டால் முடிந்தது.

2¹²⁷ − 1க்கும் இதே கதைதான். ஏழுக்குப் பதில் 127 இலக்கம். இந்தக் கணக்கைச் செய்வதற்கு லூகாஸ் சதுரங்கப் பலகை ஒன்றைச் சொன்னார்: நீளம் 127 கட்டம், அகலம் 127 கட்டம். கட்டத்தில் காய் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. வர்க்கம் காண ஒவ்வொரு வரிசையிலும் எண்ணை ஓர் இடம் தள்ளி அடுக்க வேண்டும்; எண்ணின் 0 இலக்கத்துக்குரிய வரிசை மட்டும் காலியாக இருக்கும். இடப்பக்க விளிம்பைத் தாண்டும் காய் வலப்பக்கத்தில் வந்து உட்காரும். பிறகு ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு காய்களை எடுத்துவிட்டு, இடப்பக்கப் பத்தியில் ஒரு காய் வைத்துக்கொண்டே போக வேண்டும். பெருக்கல் வாய்பாடு தெரியாத குழந்தைகூடச் செய்யலாம். நெசவுக் கட்டங்களில் புள்ளி வைத்தவருக்கு இது பழகிய வேலை.

1876ல் லூகாஸ் முடிவை அறிவித்தார். 2¹²⁷ − 1, அதாவது

170141183460469231731687303715884105727

ஒரு பகா எண். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால் மெர்சென் சொன்னது பலித்துவிட்டது.

அதே ஆண்டு, அதே முறையில், 67ஐயும் சோதித்தார். அங்கே பூஜ்யம் வரவில்லை. 2⁶⁷ − 1 பகு எண். மெர்சென் பட்டியலில் விழுந்த முதல் அடி.

காரணி எங்கே?

2⁶⁷ − 1 பகு எண் என்று சொன்ன லூகாஸால் அதன் காரணிகளைச் சொல்ல முடியவில்லை. அவருடைய சோதனைக்கு அந்தத் திறன் இல்லை. 2047 கணக்கில் 23ஐயும் 89ஐயும் நாம் காணவில்லையே, அது போலத்தான். உடைபடும் என்று தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது. கணித வரலாற்றில் இது புதிய நிலைமை. அதுவரை ஓர் எண் பகு எண் என்பதற்குச் சாட்சி அதன் காரணிதான். இப்போது சாட்சி இல்லாமலே தீர்ப்பு வந்தது.

சாட்சி கிடைக்க 27 ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் பேச எழுந்தார். தலைப்பு, பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி. அவர் பேசவில்லை என்கிறது வழிவழியாக வரும் கதை. கரும்பலகைக்குப் போய் 2ஐ 67 முறை பெருக்கி 1ஐக் கழித்தார். 147573952589676412927. பலகையின் மறுபக்கத்தில்

193707721 × 761838257287

என்று எழுதி, பள்ளிப் பையனைப் போலப் பெருக்கிக் காட்டினார். இரண்டு விடையும் ஒன்று. வாயே திறக்காமல் இருக்கைக்குத் திரும்பினார். அரங்கம் கைதட்டியது. இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னாளில் கேட்டபோது, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

ஏன் அவ்வளவு? 2⁶⁷ − 1இன் காரணிகள் 134ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. 135, 269, 403 என்று அந்த வரிசையில் அடியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், கோல் கண்ட சிறிய காரணி 14,45,580ஆவது இடத்தில் நிற்கிறது. கோல் அப்படி ஒவ்வொன்றாக எண்ணவில்லை. வேறு சல்லடைகளைச் செய்துகொண்டு தேடினார். அப்படியும் அத்தனை ஞாயிறுகள். லூகாஸின் 'ஆம், இல்லை' சோதனைக்கும் கோலின் தேடலுக்கும் இடையே இருக்கும் இந்தப் பள்ளம் இன்றுவரை தூரவில்லை. பெரிய எண் பகாவா என்று கேட்டால் கணினி சட்டென்று சொல்லும். உடைத்துக் கொடு என்றால் திணறும். வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் மறைமொழிகளில் ஒரு பெரும் பகுதி இந்தத் திணறலை நம்பியே நிற்கிறது. அந்தக் கதைக்குப் பின்னால் தனியே வருவோம்.

துறவியின் பட்டியல் தொடர்ந்து உதிர்ந்தது. ரஷ்யாவில் பெர்ம் மாகாணத்துப் பாதிரியார் இவான் பெர்வுஷின் 1883ல் 2⁶¹ − 1 பகா எண் என்று காட்டினார். மெர்சென் அதை விட்டிருந்தார். அமெரிக்காவின் ரால்ஃப் பவர்ஸ் 1911ல் 89ஐயும் 1914ல் 107ஐயும் சேர்த்தார். 257 பகு எண்ணாகிப் போனது. 1947ல் கடைசி அடுக்கும் சரிபார்க்கப்பட்டபோது மெர்சென் கணக்கில் ஐந்து பிழைகள்: சேர்த்திருக்கக் கூடாதவை இரண்டு, விட்டிருக்கக் கூடாதவை மூன்று. பட்டியலின் கடைசி மூன்றில் 127 மட்டும் அசையவில்லை. 1914ல் ஃபோக்கம்பெர்க் என்ற பிரெஞ்சுக்காரர் அதை மறுபடி முழுதாகக் கணக்கிட்டு, லூகாஸ் சொன்னது சரிதான் என்று உறுதிசெய்தார்.

லூகாஸ் அதைப் பார்க்க இல்லை. 1891ல் ஒரு விருந்தில் பரிசாரகர் கையிலிருந்து தட்டுகள் நழுவி உடைந்தன. சிதறிய சில்லு ஒன்று லூகாஸின் கன்னத்தைக் கிழித்தது. காயம் புரையோடி, சில நாட்களில் இறந்தார். வயது 49. அவர் விட்டுப்போன விதிகள் பலவும் அடுக்குக்கு அடுக்கு மாறுபட்டு, நிரூபணம் அரையும் குறையுமாகக் கிடந்தன. அவற்றைத் தட்டிக்கொட்டி, 3க்குப் பதில் 4இல் தொடங்கி, எல்லா ஒற்றைப்படை அடுக்குகளுக்கும் பொருந்தும் ஒரே விதியாக 1930ல் சீர்செய்தவர் அமெரிக்கர் டி. எச். லெமர். இன்று அதற்கு 'லூகாஸ் – லெமர் சோதனை' என்று பெயர்.

அந்த எண்ணின் மற்ற முகங்கள்

2¹²⁷ − 1ஐ இரும எண்ணில் எழுதினால் வரிசையாக 127 ஒன்றுகள், பூஜ்யமே கிடையாது. யூக்ளிட் விதிப்படி அதை 2¹²⁶ஆல் பெருக்கினால் 77 இலக்க நிறைவெண் ஒன்று பிறக்கும்.

லூகாஸின் அறிவிப்பைப் பார்த்த கணிதர் யூஜீன் கத்தலான் ஒரு சங்கிலியைக் கவனித்தார். 2இல் தொடங்குங்கள். 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. அடுத்த கண்ணி 2¹²⁷ − 1. ஐந்தும் பகா எண்கள். ஆறாவது கண்ணி, இரண்டை 2¹²⁷ − 1 என்ற அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தது. அதில் எத்தனை இலக்கம் என்பதை எழுதவே 38 இலக்கம் வேண்டும். அது பகாவா பகுவா என்று யாருக்கும் தெரியாது. லூகாஸ் சோதனையைப் போடலாமே என்றால், 125 அடிக்குப் பதில் அடிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம். எந்தக் கணினியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

பார்லோ 'பயனில்லை' என்று சொன்ன வகையைச் சேர்ந்த இந்த எண் இன்று மறைமொழிக்காரர்களிடம் வேலையில் இருக்கிறது. 2015ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த காஸ்டெல்லோ, லாங்கா இருவரும் வடிவமைத்த 'ஃபோர்க்யூ' என்ற நீள்வளைகோட்டு முறை 2¹²⁷ − 1ஐ அடித்தளமாகக் கொண்டது. காரணம் பழைய காரணமேதான்: 127 இலக்கத்துக்கு மேல் வழிவதை வெட்டி அடியில் கூட்டினால் மீதி கிடைத்துவிடும், வகுத்தல் என்ற செலவே இல்லை. லூகாஸ் பலகையில் காய்கள் செய்ததைச் சில்லுக்குள் மின்சாரம் செய்கிறது.

உலகத்தின் மிகப் பெரிய பகா எண் என்ற இடத்தில் லூகாஸின் எண் 75 ஆண்டுகள் இருந்தது. இயந்திரத் துணையின்றிக் கண்டறிந்தவற்றில் மிகப் பெரியது என்ற பட்டம் இன்றும் அதற்கே. 1951ல் ஃபெரியே என்ற பிரெஞ்சுக்காரர் மேசைக் கணக்கிடும் இயந்திரத்தைக் கொண்டு 44 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கணினியைக் கொண்டு 79 இலக்கத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கண்ட எண் எது தெரியுமா? 2¹²⁷ − 1ஐ வர்க்கம் செய்து, 180ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டியது. ஓர் எண்ணுக்கு ஒன்று முந்தைய எண்ணின் காரணிகள் தெரிந்தால் அந்த எண்ணைச் சோதிப்பது எளிது. இந்த விதியிலும் லூகாஸின் கை உண்டு. காரணி தெரிய வேண்டும் என்பதற்காகவே, நிச்சயமாகப் பகா எண் என்று தெரிந்த பெரிய எண் ஒன்றை எடுத்துப் பெருக்கினார்கள். கணினி லூகாஸின் சாதனையை முறியடித்த எண் லூகாஸின் எண்ணைக் கொண்டே கட்டப்பட்டது.

கையும் காகிதமும் ஓய்ந்த இடம் இது. லெமர் சீர்செய்த சோதனைக்கு ஏற்ற இயந்திரம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தயாராக இருந்தது. 1952 ஜனவரி 30 அன்று இரவு, லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்வாக் கணினியில், கையேட்டைப் படித்தே நிரல் எழுதிய ராபின்சன் என்ற கணிதர், ஒரே இரவில் இரண்டு புதிய மெர்சென் பகா எண்களைப் பிடித்தார். சிறியது 157 இலக்கம். அந்த இரவை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)